பூட்டனார் எடுத்த பெயர்

எங்கள் குடும்பப் பெயர் ஒரு பூவின் பெயர். பிரெஞ்சுச் சொல். எந்தப் பூ என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பாண்டியில் எந்தத் தெரு, எந்த வீடு என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டில் எல்லோரும் அதற்குச் சம்மதிக்கவும் இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் எங்கள் ஆட்கள் யாருடைய பெயரும் வராது. பெயர்களைப் பற்றிய கட்டுரைக்கு அது ஒரு குறைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் புதிதாக வரும் ஒவ்வொரு வாத்தியாரும் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்துவார். நிமிர்ந்து பார்ப்பார். தலையில் எண்ணெய் வழிய, நல்ல கறுப்பாக ஒரு பையன் எழுந்து நிற்பான். "உங்க தாத்தா வெள்ளைக்காரராடா?" என்பார். வகுப்பு சிரிக்கும். எனக்குப் பதில் தெரியாது. வீட்டில் வந்து கேட்டால் அத்தை ஒரு கதை சொல்லுவாள். பிரெஞ்சுத் தளபதி லாலி துரை படையில் வந்த ஒரு சொல்தா, சண்டையில் அடிபட்டு வில்லியனூர்ப் பக்கம் ஒரு குடிசையில் கிடந்தானாம்; கஞ்சி ஊற்றிக் காப்பாற்றிய பெண்ணையே கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டானாம்; அவன் பெயர்தான் நம் பெயராம். (வெளியூர்க்காரர்களுக்கு: சொல்தா என்றால் பிரெஞ்சுப் படைவீரன். பிரான்சிலிருந்து பான்சியோன், அதாவது ஓய்வூதியம், வாங்கும் பெரியவர்களைப் பாண்டியில் இன்றும் சொல்தா என்றுதான் சொல்கிறோம்.)

அந்தக் கதையை ஐம்பது வருடம் நம்பினேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்த சொல்தாவின் முழுப் பெயரையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

தொடக்கத்தில் எல்லாமே கதைக்குச் சாதகமாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் படையில் வீரர்களுக்குப் பிறந்த பெயர் போக ஒரு படைப்பெயர் இருக்கும். 'நோம் த கெர்' என்பார்கள், போர்ப்பெயர். ஒரே கம்பெனியில் நான்கு ழானும் ஐந்து பியேரும் இருந்தால் அதிகாரி யாரை எப்படிக் கூப்பிடுவார்? அதனால் ஒருவனுக்கு 'சான் சூசி', கவலையற்றவன். இன்னொருவனுக்கு 'ழொலிகேர்', நல்ல மனசுக்காரன். பலருக்குப் பூக்களின் பெயர்: லா ஃப்ளேர், லா ரோஸ், லா வியொலேத், லா துலிப். பதிவேட்டில் 'இன்னார், தி லா ஃப்ளேர்' என்று எழுதுவார்கள். 'தி' என்றால் 'எனப்படுபவர்'.

இந்த வழக்கம் வேரூன்றி நிலைத்த இடம் கனடாவின் கியூபெக். 1665இல் கரீஞான்-சலியேர் என்ற படைப்பிரிவு சுமார் 1,200 பேருடன் அங்கே போனது. அவர்களில் 400 பேர் அளவில் நிலம் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். தங்கியவர்களின் போர்ப்பெயர் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரே அப்பனுக்குப் பிறந்த அண்ணன் பிறந்த பெயரை வைத்துக்கொள்ள, தம்பி போர்ப்பெயரை வைத்துக்கொள்ள, மூன்று தலைமுறை கழித்து இரண்டு குடும்பங்களுக்கும் தொடர்பே தெரியாமல் போன கதைகள் அங்கே ஏராளம். லாஃப்ளேர், லாரோஸ் என்ற குடும்பங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. ஊர் ஊராகக் கிறிஸ்தவக் கோயில் ஏடுகளைப் புரட்டி, அந்த 'தி'யை வைத்தே நூல் பிடித்துப் போகிறார்கள்.

பூப்பெயர், படைவீரன், 18ஆம் நூற்றாண்டு. இதைவிட வேறென்ன வேண்டும்? எங்கள் கதை உண்மைதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பாண்டிச்சேரியில் ஐரோப்பியர்களுக்கான கோயில் ஏடுகள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிவிடுகின்றன. பிரான்சுவா மர்தேன் 1674இல் இங்கே வந்து இறங்கிய பிறகு, கப்புசின் சபைச் சாமியார்கள் வெள்ளைக்காரர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் செய்து எழுதிவைத்தார்கள். துமா வீதிக்கோயிலைக் 'கப்ஸ் கோயில்' என்று நாம் சொல்வது அந்தக் கப்புசின்களால்தான். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் வேறு, சம்பா கோயில். இரண்டுக்கும் நடுவில் தொப்பி போட்டவர்கள், நம் பேச்சில் சட்டைக்காரர்கள், போர்த்துகீசியப் பெயர்களோடு இரண்டு ஏடுகளிலும் எட்டிப் பார்க்கிறார்கள்.

அந்த ஏடுகளில் எட்டு மாதம் கிடந்தேன். அங்கே குழந்தைக்குப் பெயர் வைப்பவர் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். ஆகவே ஒரு பெயர் புதிதாக முளைத்தால் பெற்றவர்களைப் பார்க்கக்கூடாது, ஞானப்பெற்றோர் யாரென்று பார்க்க வேண்டும். இதற்கு நம் ஊரிலேயே உச்சமான ஓர் உதாரணம் உண்டு. பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த நைனியப்பப் பிள்ளை 1716இல் தண்டிக்கப்பட்டு, அடுத்த வருடம் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பா நியாயம் கேட்டுப் பிரான்சுக்கே கப்பலேறினார். அங்கே ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் நாட்டை ஆண்டுகொண்டிருந்த பிரதிநிதி, ஓர்லேயான் கோமகன் பிலிப். போகும்போது குருவப்பா, திரும்பி வரும்போது பெயருக்கு முன்னால் சார்ல் பிலிப் லூயி, கூடவே செவாலியே பட்டம். முன்னொட்டு எத்தனை சேர்ந்தும் கடைசியில் குருவப்பா என்பது அப்படியே நிற்கிறது. அந்த வரியைப் படித்தபோது அது எனக்கு ஒரு சாட்சிச் சொல் போல இருந்தது.

எங்கள் பூப்பெயரில் ஒருவரைக்கூடக் கப்ஸ் கோயில் ஏடுகளில் நான் காணவில்லை. 1761 சனவரியில் லாலி சரணடைந்த பிறகு ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், அதில் ஏடுகள் போயிருக்கும் என்று கொஞ்ச நாள் மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகுதான் புத்தி வந்தது. முன்னோரைத் தேடுகிறவன் மேலிருந்து கீழே வரக்கூடாது. தன்னிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும்.

ஏறுவதற்கு ஏணியை வைத்துவிட்டுப் போனதும் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1776 சூனில் ஓர் அரச ஆணை வந்தது. குடியேற்ற நாடுகளின் பிறப்பு, இறப்பு, திருமண ஏடுகளைக் கூடுதலாக ஒரு படி எடுத்து வெர்சாயுக்கு அனுப்ப வேண்டும் என்றது அது. புயலும் கரையானும் போரும் இங்கே எதைத் தின்றாலும் அங்கே ஒரு படி இருக்கும். அந்தப் படிகள் இப்போது தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஏடுகளைப் படமெடுத்து இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு உட்பட்டவற்றுக்கு நாந்த் நகரத்தைத்தான் நாட வேண்டும். பாண்டியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் 'நாந்த்திலிருந்து பேப்பர் வந்துச்சா' என்ற கேள்வி, 'சாப்ட்டாச்சா' போல அன்றாடம் புழங்குவது.

தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஏட்டுக்குப் போங்கள். எந்தக் கொம்யூன் (நகராட்சிப் பகுதி) என்று தெரியாமல் போகாதீர்கள். 1880இல் பிரெஞ்சிந்தியா 10 கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் நான்கு பாண்டிச்சேரியைச் சேர்ந்தவை: பாண்டிச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். ஒவ்வொன்றுக்கும் தனி ஏடு. ரெட்டியார்பாளையத்துக்காரரைப் பட்டண ஏட்டில் தேடினால் ஆயுளுக்கும் கிடைக்கமாட்டார். அவர் உழவர்கரை ஏட்டில் இருப்பார். ஏட்டின் ஓரக் குறிப்பையும் விட்டுவிடாதீர்கள். 1897 சட்டத்துக்குப் பிறகு, கல்யாணம் நடந்தால் அதைப் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே குறித்தார்கள். ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த இரண்டு வரி உங்களை இன்னொரு ஊருக்கே கொண்டுபோய் விடும்.

தாத்தாவின் பிறப்புப் பதிவு ஒரு வாரத்தில் கிடைத்தது. அதிலிருந்து பூட்டனாரின் கல்யாணப் பதிவு. அதில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்: ரெனோன்சான்.

துறந்தவர் என்று பொருள். அதற்குப் பக்கத்தில் துறந்த தேதி, துறந்த இடம்: வில்லியனூர் மேரி, அதாவது நகராட்சி அலுவலகம். வெள்ளைக்கார சொல்தா அந்த இடத்தில் எங்கள் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார்.

ரெனோன்சான் என்றால் என்ன என்று பாண்டிக்காரர்களுக்கே இப்போது பாதிதான் தெரிகிறது. கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1819 சனவரி 6ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சுச் சட்டம் இங்கே வந்தாலும், இந்தியர்கள், அவர்கள் கிறிஸ்தவரோ முஸ்லிமோ இந்துவோ, தங்கள் சாதியின் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உட்பட்டே தீர்ப்புப் பெறுவார்கள். மாமூல், அதாவது பழைய வழக்கம் என்று சொல்வார்களே, அதுதான். கல்யாணம், சொத்து, வாரிசு எல்லாம் சாதி வழக்கப்படி. பிறகு 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஒரு ஆணை வந்தது. எந்தச் சாதி, எந்த மதமானாலும், ஆணோ பெண்ணோ, 21 வயது நிரம்பியவர் தன் தனிநிலை வழக்கைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம். திரும்பிப் போக முடியாது. மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே அது. துறக்கும் அன்றே, தானும் தன் சந்ததியும் இனிமேல் தாங்கப்போகும் குடும்பப் பெயர் எது என்று சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையை நினைத்துப் பாருங்கள். தமிழனுக்கு அதுவரை குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர், தன் பெயர், வேண்டுமானால் பின்னால் ஒரு சாதிப் பட்டம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை தாண்டித் தாண்டி வரும். அப்படி வாழ்ந்த ஒரு மனிதனிடம், இனி வரும் அத்தனை தலைமுறைக்கும் ஒரே பெயரை இப்போதே சொல் என்று எழுத்தர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

சிலர் தங்கள் பெயரையே குடும்பப் பெயராக்கினார்கள். சிலர் அப்பா பெயரை. சிலர் புனிதர் பெயரை. சிலர் சுத்தமான பிரெஞ்சுப் பெயரை எடுத்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பிய பூட்சும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக நீதிபதியால் தடுக்கப்பட்டவர். பாரீசின் உச்ச நீதிமன்றம் வரை போய், ழூல் கொதேன் வாதாட, ஜெயித்துக் காட்டியவர். துறந்தபோது அவர் எடுத்த பெயர் லாபோர்த். பிரெஞ்சில் வாசற்கதவு. பின்னால் வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பவர் என்ற எண்ணத்தில் எடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

அவருக்குப் பின்னால் அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதிகம். எதிர்ப்பும் பலமாக இருந்தது. நடு சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் ஒரு பெரிய அணி, சாதி ஆசாரம் அழியும் என்று நின்றது. 1884இல் வாக்காளர் பட்டியலே மூன்றாகிவிட்டது: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். துறந்தவர்களை 'பிரெஞ்சுக்காரனுக்குக் காவடி தூக்கியவர்கள்' என்று எழுதுகிறவர்கள் இப்போதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோயில் வாசலில் ஒரு கோடு, பள்ளிக்கூடத்தில் ஒரு கோடு, நீதிமன்றத்தில் செருப்புக்கு ஒரு கோடு என்று வாழ்ந்தவனுக்கு, 'இந்தத் தாளில் கையெழுத்துப் போடு, சட்டத்தின் முன்னால் எல்லோரும் ஒன்று' என்று ஒருவன் சொன்னால் அவன் ஏன் போடமாட்டான்? சொன்னவன் அந்த வார்த்தையை எவ்வளவு காப்பாற்றினான் என்பது வேறு வழக்கு.

பூட்டனாரின் துறவுப் பத்திரத்தைக் கடைசியில் பார்த்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். சாய்வான பிரெஞ்சுக் கையெழுத்து, மை பழுப்பேறி சில இடத்தில் தாளையே அரித்திருக்கிறது. வயது 24. இன்னாருக்கும் இன்னாளுக்கும் பிறந்த மகன். இரண்டு சாட்சிகள். சாதி எழுதியிருந்தது. அந்தத் தாளுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தின் எந்தப் பிரெஞ்சு ஆவணத்திலும் சாதி கிடையாது, அதுதான் கடைசி. (கல்யாணப் பேச்சில் அது ஒரு நாளும் காணாமல் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கீழே, தான் எடுத்துக்கொள்ளும் பெயர் என்று அந்தப் பூ. அதற்கும் கீழே கையெழுத்து.

கையெழுத்து தமிழில் இருந்தது.

திரையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓலையில் எழுதிப் பழகிய கையின் எழுத்து, புள்ளியே கிடையாது. கொம்பில் குறிலா நெடிலா என்று தெரியாது. ஐந்து எழுத்தில் தன் பழைய பெயரை எழுதி, கடைசி எழுத்தின் வாலை நீளமாக வலப்பக்கம் இழுத்து நிறுத்தியிருக்கிறார். பிரெஞ்சுச் சட்டத்துக்குள் காலெடுத்து வைக்கிற தாளில், இனி சட்டப்படி தன்னுடையதாக இருக்கப்போகாத பெயரை, அவர் தன் மொழியில் எழுதியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கு மேலே ஏறுவதில்தான் சிக்கல். குடும்பப் பெயர் அந்தத் தாளோடு முடிந்துவிடுகிறது. முந்திய உலகத்துக்குள் போக அவருடைய அப்பா அம்மாவின் தமிழ்ப் பெயர் வேண்டும். அது பத்திரத்தில் இருந்தது. ஆனால் பிரெஞ்சு எழுத்தில் இருந்தது.

பிரெஞ்சு எழுத்தர் தமிழ்ப் பெயரை எழுதிய விதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு, பழகினால் பிடிபடும். 'உ' ஒலிக்கு ஓ, யூ இரண்டும் சேர்த்து எழுதுவார்கள். ஆகவே முத்து என்பது ஆங்கிலம் படித்த நம் கண்ணுக்கு 'மவுட்டவு' என்று தெரியும். ராமசாமியில் எஸ் இரட்டிக்கும். ஒற்றை எஸ் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் வந்தால் பிரெஞ்சில் இஸட் ஒலி ஆகிவிடும் என்பதால். ஜ-வுக்கு டி, ஜே சேர்த்து வரும். இதையெல்லாம் கண்டுபிடிக்கலாம். எழுத்தர் அவசரப்பட்டால், சொன்னவர் வாயில் வெற்றிலை இருந்தால், அதைக் கண்டுபிடிக்க முடியாது. கிறிஸ்தவப் பெயர்களில் இன்னொரு முடிச்சு: கோயில் தமிழில் இராயப்பன் என்றிருப்பவர் மேரி ஏட்டில் பியேர் ஆகியிருப்பார். சின்னப்பன் போல் ஆவார். அருளப்பன் ழான். சூசை ழொசேஃப். இரண்டு பேர் என்று நினைத்து ஒருவரையே இரண்டு கிளையில் போட்டுக்கொண்டு நான் ஒரு மழைக்காலம் முழுக்கத் தவித்திருக்கிறேன்.

பூட்டனாருடைய அம்மாவின் பெயர் எனக்கு வாயில் நுழையவே இல்லை. பதினோரு எழுத்து. நடுவில் எதை இரட்டித்திருக்கிறார், எதை விட்டிருக்கிறார் என்று தெரியவில்லை. ஒரு வருடம் அதை அப்படியே வைத்துவிட்டேன்.

வழி காட்டியவர்கள் பங்காளிகள். பூட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தார். அவர் துறக்கவில்லை. அவர் வழியினர் வில்லியனூர்ப் பக்கமே விவசாயத்தில் இருந்துவிட்டார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரு கிளைக்குக் குடும்பப் பெயர், இன்னொரு கிளைக்கு இனிஷியல். கியூபெக்கில் நடந்ததுதான், வேறு காரணத்துக்காக. எங்கள் வீட்டில் சைகோனுக்குப் போனவர்கள் உண்டு; துறந்தவர்களுக்கு அங்கே போலீசிலும் வரி அலுவலகத்திலும் வேலை கிடைத்த காலம் அது. பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் யாரும் கடல் தாண்டவில்லை. சாவுக்கும் வாழ்வுக்கும் போய்வருவோமே தவிர, நாங்கள் எப்படி உறவு என்று இரண்டு பக்கமும் திருத்தமாகத் தெரியாது. பெரியவர் மட்டும் என்னை 'தம்பி' என்பார். அவர் எனக்கு அண்ணன் முறை என்பது அப்படித்தான் தெரியும்.

போன வருடம் ஆடி மாதம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தபோது அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பழைய பத்திரம் ஒண்ணு கெடக்கு தம்பி, படிக்க ஆளில்ல" என்றார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்பு ஓட்டையாகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தேன். இன்னார் குமாரர் இன்னார், இன்னார் பாரியாள் இன்னாள், கிழக்கே வாய்க்கால், மேற்கே புளியமரம். பாரியாளின் பெயரில் வந்து நின்றுவிட்டேன்.

அது எங்கள் பூ. தமிழில்.

பூட்டனாரின் அம்மா பெயர் அதுதான். எழுத்தர் குதறிவைத்த பதினோரு எழுத்தும் அப்போது ஒவ்வொன்றாகத் தானாக இடத்தில் போய் உட்கார்ந்தன. 24 வயதுப் பிள்ளை, மேரியில் நின்று, எந்தப் பெயர் வேண்டும் என்று கேட்டபோது, அம்மா பெயரைப் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறான். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் அப்படி நினைக்கவில்லை. துறவுப் பத்திரத்தில் அம்மா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறது.

பெரியவருக்கு அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நீங்க வெள்ளக்காரன் பேர வெச்சிக்கல" என்றார். "இல்லண்ணே" என்றேன்.

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து பெண்களின் பெயர்கள்தான். எங்கள் தாத்தாவின் அம்மாவை வீட்டில் எல்லோரும் 'ஆயா' என்றுதான் சொல்வார்கள். அவள் பெயர் கேட்டால் அத்தைக்கே தெரியவில்லை. இனிஷியல் முறையில் அப்பாவின் முதலெழுத்து வரும், பிறகு புருஷனுடைய முதலெழுத்து வரும். அம்மாவுக்கு அதில் இடமில்லை. பிரெஞ்சு ஏட்டில் அப்படி இல்லை. பிறப்பு ஏட்டில் எழுதிய பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் தாங்கக்கூடாது என்று புரட்சிக் காலத்தில், 1794இல், ஒரு சட்டம் போட்டார்கள். அதன் பலனாக, கல்யாணமான பெண்ணும் பதிவேட்டில் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பாள். ஒவ்வொரு பதிவிலும் அப்பா பெயருக்குப் பக்கத்தில் அம்மா பெயர், அம்மாவின் வயது, ஊர். அவர்கள் அதைப் பெண்களின் நன்மைக்காகச் செய்யவில்லை; ஆள் அடையாளம் குழம்பக்கூடாது என்பதற்காகச் செய்தார்கள். எதற்காகச் செய்திருந்தாலும் என் ஆயாவின் பெயர் எனக்குக் கிடைத்துவிட்டது. அவளுடைய அம்மாவின் பெயரும் கிடைத்துவிட்டது. அத்தையிடம் போனில் அந்தப் பெயரைச் சொன்னபோது, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். மூன்று முறை சொல்லவைத்தாள்.

நாங்கள் ஊருக்குள்ளேயே பெயரை மாற்றிக்கொண்ட அதே காலத்தில், இதே பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களுக்கு வேறு மாதிரி நடந்தது. 1854 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் 'ஒரேலி' என்ற கப்பல் கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் தமிழர்களை இறக்கியது. அதிலிருந்து 1889 வரை சுமார் 42,000 இந்தியர்கள் அங்கே போனார்கள். போனவர்களின் ஒற்றைத் தமிழ்ப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. முன்னால் ஒரு பிரெஞ்சுப் பெயர் சேர்ந்துகொண்டது. அந்தத் தீவில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904இல் தொடங்கி 1923 வரை வழக்காடி வென்றார். தாய்மொழி போய்விட்டது, ஊர் போய்விட்டது. சிதம்பரம் மட்டும் அட்லாண்டிக் கரையில் நிற்கிறது. இங்கே ஊரிலேயே இருந்த நாங்கள் தமிழ்ப் பெயரை உள்ளே வைத்து மூடிவிட்டோம். அவர்கள் வழிவந்தவர்கள் சிலர் இப்போது பாண்டிக்கு வந்து முன்னோரைத் தேடுகிறார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, ஊர் தெரியவில்லை. எனக்கு ஊர் இருந்தது, பெயர் தெரியவில்லை.

1954 நவம்பர் 1இல் பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பெரியப்பா கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அந்தக் கதைக்குத் தனிக் கட்டுரை வேண்டும். பெயர் சங்கதியில் அதன் விளைவை மட்டும் சொல்கிறேன். ஒரு சான்றிதழுக்காக நான் போன ஓர் அலுவலகத்தில், எங்கள் குடும்பப் பெயரை என் அப்பாவின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அதை இனிஷியலாகச் சுருக்கி ஒற்றை எழுத்தாக்கித் தந்துவிட்டார்கள். திருத்துவதற்கு இரண்டு வருடம் அலைந்தேன். அப்போது கோபம்தான் வந்தது. அந்த ஒற்றை எழுத்துக்குள் ஓர் அம்மாவின் பெயர் நசுங்கிக் கிடந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது.

போன மாதம் பிரான்சிலிருந்து அண்ணன் மகள் போன் செய்தாள். பெண் குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு காலத்தில் நாட்காட்டிப் புனிதர்கள், பழங்கால வரலாற்று மனிதர்கள் பெயரைத்தான் வைக்க முடியும்; 1803இல் வந்த கட்டுப்பாடு. 1993இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பெற்றவர் விருப்பம். நான் அனுப்பியிருந்த பத்திரத்தின் படத்தை அவள் பார்த்திருந்தாள். குழந்தைக்கு இரண்டாவது பெயராகப் பூட்டனாரின் அம்மா பெயரைத் தமிழிலேயே வைக்கப்போவதாகச் சொன்னாள். பிரெஞ்சுப் பூவும் தமிழ்ப் பூவும் ஒரே வரியில் வரும்.

"சித்தப்பா, அதுல 'உ' வருதுல்ல? மேரில எப்படி எழுதச் சொல்லட்டும்? ஓ-யூவா, வெறும் யூவா?"

வெறும் யூ போட்டால் அங்கே தப்பாக உச்சரிப்பார்கள். ஓ-யூ போட்டால் நாளைக்கு இங்கே தப்பாகப் படிப்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பத்திரத்துல எப்படி இருக்கோ அப்படியே எழுதச் சொல்லும்மா, அந்த நடு எழுத்த மட்டும் ரெண்டு தடவ போடச் சொல்லு" என்றேன். அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, பக்கத்தில் அவள் புருஷன் எழுதிக்கொள்வது போனில் கேட்டது.